கடைமடைக்குத் தண்ணீர் வருகிறதா?

ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருவருக்கு மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது, தாடை வரை நோவு பரவுகிறது, மூச்சு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈசிஜியில் சிறு மாற்றம் தெரிகிறது. ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தால் பெரிய அடைப்பு எதுவும் இல்லை. ‘இதயத்துக்கு ஒன்றுமில்லை, வாய்வாக இருக்கும்’ என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள்; சுக்கும் ஓமமும் மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்பது எல்லோருடைய நம்பிக்கை. (அப்பருக்கு வந்த சூலையை இப்படி வாய்வு என்று முடித்திருந்தால், திருப்பாதிரிப்புலியூரிலிருந்து திருவதிகைக்கு அவர் கிளம்பியிருக்கவே மாட்டார்.) அதே வீட்டில் கணவருக்கு அதே வலி வந்து, எழுபது விழுக்காட்டு அடைப்பு தெரிந்தால், அன்றைக்கே ஸ்டென்ட் வைக்கும் பேச்சு தொடங்கிவிடும். அடைப்பு இருப்பவருக்கு ஆபத்து, இல்லாதவருக்கு இல்லை என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1996-ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘வைஸ்’ என்னும் ஆய்வு இந்த நியாயத்தை ஆட்டம் காண வைத்தது. நெஞ்சுவலியோடு ஆஞ்சியோவுக்கு வந்த பெண்களை அவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பெரிய அடைப்பே இல்லை. அப்படி இல்லாதவர்களும் பின்னாளில் மாரடைப்பு, இதயச் செயலிழப்பு என்று மருத்துவமனைக்குத் திரும்பி வந்தார்கள். வலியே இல்லாத அதே வயதுப் பெண்களைவிடக் கூடுதலாக வந்தார்கள். அடைப்பில்லாத இதயம் எப்படிப் பட்டினி கிடக்கும்?

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்து உழவர்களுக்கு இதில் புதிர் ஒன்றும் இருக்காது. கீழணையில் தண்ணீர் நிரம்பியிருக்கிறது, வடவாற்றில் ஓடி வருகிறது, வீராணமும் நிறைந்துவிட்டது. ஆனாலும் கடைமடை வயல் வெடித்துக் கிடக்கலாம். பெரிய வாய்க்காலில் உடைப்போ அடைப்போ இல்லை என்று அதிகாரி கரையில் நின்று பார்த்து எழுதிக்கொண்டு போவது உண்மைதான். ஆனால் வயலுக்குத் தண்ணீர் போவது பெரிய வாய்க்காலால் மட்டும் அல்ல; கிளை வாய்க்கால் தூர்ந்திருக்கிறதா, மதகு வேண்டிய நேரத்தில் திறக்கிறதா என்பதையும் பொறுத்தது. ஆஞ்சியோகிராம் கரையில் நின்று பார்க்கும் பார்வை. இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் மூன்று பெரிய தமனிகளையும் அவற்றின் கிளைகளையும், ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அகலம் வரை, அது காட்டும். அதற்குக் கீழே தசைக்குள் இறங்கும் நுண்குழாய்கள் அதன் கண்ணுக்குப் படுவதில்லை. இதயத் தசைக்கு எந்த நேரத்தில் எவ்வளவு இரத்தம் என்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு அந்த நுண்குழாய்களுடையது. ஓடும்போது அவை அகல வேண்டும், உட்காரும்போது சுருங்க வேண்டும். அகல மறுத்தால், மேலே எவ்வளவு அகலமான தமனி இருந்தும் பயனில்லை.

குழாய் ‘அகல மறுக்கிறது’ என்பதன் பொருளை விளக்கியது 1980-ல் வெளியான ஒரு சோதனை. நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற மருந்தியல் அறிஞர் முயலின் பெருந்தமனியைத் துண்டாக வெட்டித் தொங்கவிட்டு, எந்த மருந்துக்கு அது சுருங்குகிறது, எதற்குத் தளர்கிறது என்று பல ஆண்டுகளாக அளந்து வந்தார். அசிட்டைல்கோலின் என்ற பொருளை உயிருள்ள விலங்குக்குச் செலுத்தினால் குழாய்கள் விரிந்தன. அவருடைய ஆய்வுக்கூடத் துண்டுகளோ சுருங்கின. கடைசியில் காரணம் கைப்பக்குவத்தில் இருந்தது. துண்டு நறுக்கும்போது குழாயின் உட்புறம் எங்காவது உரசி, ஒரே ஒரு செல் தடிமனுள்ள உள்வரிப் படலம் வழித்துக்கொண்டு போயிருந்தது. உரசாமல் எடுத்த துண்டுகள் ஒழுங்காகத் தளர்ந்தன. அதோடு அவர் நிற்கவில்லை. படலம் போன துண்டின் மீது படலம் உள்ள துண்டை முகத்துக்கு முகம் வைத்துப் பார்த்தார். போன துண்டும் தளர்ந்தது. அப்படியானால் படலத்திலிருந்து ஏதோ ஒன்று கசிந்து பக்கத்துத் தசைக்குப் போய்த் ‘தளர்’ என்கிறது. அந்த ஏதோ ஒன்று நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு என்று சில ஆண்டுகளில் தெரிந்தது. ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரையும் உடலுக்குள் இதே வாயுவைத்தான் தருகிறது. எண்டோதீலியம் எனப்படும் அந்தப் படலத்தை இங்கே அகப்படலம் என்று அழைப்போம். நம் வாய்க்காலில் மதகைத் திறக்கும் ஆள் அதுதான். கொழுப்பு படிந்து அடைப்பாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த ஆள் வேலையில் சுணங்கத் தொடங்கிவிடுகிறார்.

சுணக்கத்தை வெளியிலிருந்தே அளக்க முடியுமா? 1992-ல் டேவிட் செலர்மேயரும் கூட்டாளிகளும் ஓர் எளிய வழி சொன்னார்கள். பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, ஐந்து நிமிடம் இரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு, சட்டென்று விடுவது. தேங்கிய இரத்தம் பாய்ந்து வரும்போது அந்த உரசலை உணர்ந்து அகப்படலம் நைட்ரிக் ஆக்சைடை விடும், மேற்கைத் தமனி அகலும். எவ்வளவு அகன்றது என்பதை அல்ட்ராசவுண்ட் காட்டும். ஓட்டத்தால் வரும் விரிவு என்பதால் இதை ஓட்டவிரிவு எனலாம். 1994-ல் அதே குழுவினர், வேறு நோய் எதுவும் இல்லாத 238 ஆண் பெண்களை இப்படி அளந்து வயதுவாரியாக அடுக்கினார்கள். ஆண்களுக்கு நாற்பது வயதை ஒட்டியே ஓட்டவிரிவு குறையத் தொடங்கியது. பெண்களுக்கு ஐம்பதின் தொடக்கம் வரை அப்படியே நின்றது. பிறகு ஆண்களைவிட இருமடங்குக்கும் மேலான வேகத்தில் சரிந்தது. பெண்ணுக்கு மாரடைப்பு தாமதமாக வருகிறது, வந்தால் விரைந்து பெருகுகிறது என்று மருத்துவர்கள் அனுபவத்தில் சொல்லிவந்ததற்குக் குழாய்ச் சுவரிலேயே கிடைத்த சான்று அது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்விலும் பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிடச் சுமார் ஒன்பது ஆண்டு பிந்தியே வந்தது.

இங்கே ஒரு கணக்குச் சிக்கலையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் பலர் இதில் வழுக்கியிருக்கிறார்கள். ஓட்டவிரிவை விழுக்காட்டில் சொல்வது வழக்கம். பெண்ணின் கைத் தமனி பொதுவாக ஆணுடையதைவிடச் சிறியது. மூன்று மில்லிமீட்டர்க் குழாய் 0.3 மில்லிமீட்டர் அகன்றால் அது 10 விழுக்காடு. நான்கு மில்லிமீட்டர்க் குழாய் அதே அளவு அகன்றால் 7.5 விழுக்காடுதான். ஆக, பெண்ணுக்கு ‘நல்ல’ எண் வருவதில் ஒரு பங்கு வெறும் வகுத்தலால் வருகிறது. ஒரே எண்ணுக்கு இரண்டு உடலிலும் ஒரே பொருள் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. ஆனால் வகுத்தலைக் காரணம் காட்டி வயதோடு வரும் சரிவைத் தள்ளிவிட முடியாது. ஐம்பது வயதில் யாருடைய தமனியும் திடீரென்று சிறுத்துவிடுவதில்லையே.

தமிழ்நாட்டிலும் இந்த அளவைகள் புதியவை அல்ல. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் திருமங்கலம், தியாகராய நகர் ஆகிய இரண்டு குடியிருப்புகளில் 1,262 பேரிடம் நடத்திய நகர்ப்புற மக்கள் ஆய்வில் நூற்றுக்குப் பதினொருவருக்கு இதயத் தமனி நோய் தென்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2002-ல் சர்க்கரை நோய் உள்ளவர், இல்லாதவர் இருசாராரிடமும் கழுத்துத் தமனிச் சுவரின் தடிப்பு, தமனியின் விறைப்பு, ஓட்டவிரிவு மூன்றையும் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். விறைப்பு என்றால், ஒவ்வொரு துடிப்புக்கும் நெகிழ்ந்து கொடுக்க வேண்டிய சுவர் இறுகிப்போவது. இறுகிய குழாயில் நாடியலை விரைந்து ஓடும். அந்த வேகத்தைக் கழுத்துக்கும் தொடைக்கும் இடையே அளந்தால் விறைப்பு தெரியும். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 2,232 பேரைச் சுமார் எட்டு ஆண்டு தொடர்ந்து பார்த்து 2010-ல் வெளியிட்ட முடிவில், நாடியலை வேகம் ஒரு படி கூடினால் இதயநோய் வரும் வாய்ப்பு 48 விழுக்காடு கூடியது. வயது, பிரஷர், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் எஞ்சிய ஏற்றம் அது. சென்னை ஐ.ஐ.டி.யின் மருத்துவத் தொழில்நுட்ப மையம், படம் எடுக்காமலே தமனியின் விறைப்பைக் கணிக்கும் ‘ஆர்ட்சென்ஸ்’ என்ற கருவியை உருவாக்கியிருக்கிறது. அடைப்பைத் தேடுவதை விட்டுக் குழாயின் நடத்தையைப் பார்ப்பது நம் மண்ணுக்கு எட்டாத ஒன்றல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

‘பெண்ணுக்கு மாதவிடாய் நிற்கும் வரை ஈஸ்ட்ரோஜன் காவல் இருக்கிறது, அதற்குப் பிறகுதானே கவலை?’ என்ற கேள்வி எழும். பாதி சரி. ஈஸ்ட்ரோஜன் அகப்படலத்தில் நைட்ரிக் ஆக்சைடு உண்டாவதைத் தூண்டுகிறது; அது ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்டது. அப்படியென்றால் மாத்திரையாகக் கொடுத்துவிடலாமே என்று மருத்துவ உலகமே நம்பிய காலம் ஒன்று இருந்தது. 1998-ல் ஏற்கெனவே இதயநோய் உள்ள 2,763 பெண்களிடம் சோதித்தபோது பலன் கிடைக்கவில்லை. முதல் ஆண்டில் பாதிப்பு கூடவும் செய்தது. 2002-ல் 16,608 பெண்கள் பங்கேற்ற பெரிய சோதனையைப் பாதியிலேயே நிறுத்தும்படி ஆனது. தூர்ந்த வாய்க்காலில் மதகுக்காரரைத் தூண்டிவிட்டு என்ன செய்ய? காவல் என்ற சொல்லையே இன்னொரு சான்று தளர்த்துகிறது. 32,833 பேரின் பிரஷர் அளவுகளை 43 ஆண்டுத் தொடர்ச்சியாக வைத்து 2020-ல் வெளியான ஆய்வு, ஆணையும் பெண்ணையும் ஒரே வரைபடத்தில் போடாமல், அவரவர் தொடக்க அளவோடு மட்டும் ஒப்பிட்டது. அப்படிப் பார்த்தபோது பெண்ணின் பிரஷர் இருபதுகளிலேயே ஆணைவிடச் செங்குத்தாக ஏறத் தொடங்கியிருந்தது. தாழ்வான இடத்திலிருந்து தொடங்கியதால் ஏற்றம் யார் கண்ணிலும் படவில்லை. ‘120-க்கு 80, எல்லோருக்கும் நார்மல்’ என்ற வழக்கமான வாக்கியம் பெண்ணின் குழாய்க்கு எவ்வளவு பொருந்தும் என்பது இன்று உண்மையிலேயே திறந்திருக்கும் கேள்வி.

ஆண்கள்தானே அதிகம் சாகிறார்கள், அவர்களை விட்டுவிட்டு ஏன் பெண்களைப் பற்றி இவ்வளவு பேச்சு என்றும் கேட்கலாம். நடுவயதில் ஆண்களுக்கு ஆபத்து கூடுதல் என்பதில் சந்தேகமில்லை. தெற்காசியர்களுக்கு அது இன்னும் முந்துகிறது. இன்டர்ஹார்ட் ஆய்வில் நம் பகுதியினருக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53, மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59. ஆனால் பெண்ணின் அந்த ஒன்பது ஆண்டுச் சலுகை எல்லாப் பெண்களுக்கும் கிடைப்பதில்லை. சர்க்கரை வந்தால் அதில் பெரும்பங்கு பறிபோகிறது. எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய 64 ஆய்வுகளை 2014-ல் தொகுத்துப் பார்த்தபோது, சர்க்கரை நோயால் இதயநோய் ஆபத்து பெருகும் மடங்கு ஆண்களைவிடப் பெண்களுக்கு 44 விழுக்காடு கூடுதலாக இருந்தது. கடலூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை என்று 2023-ல் வெளியான தேசிய ஆய்வு சொன்னது. திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் ஊர் அது. சாப்பாடும் வாழ்க்கையும் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் மாறிவிடுவதில்லை. சராசரிப் பெண்ணுக்குக் கிடைக்கும் சலுகையை நம்பி நம் ஊர்ப் பெண்ணை அனுப்பிவைப்பது கணக்கிலேயே தவறு.

ஆண்களின் குழாயும் முன்கூட்டியே ஒன்று சொல்லத்தான் செய்கிறது. ஆணுறுப்புக்குப் போகும் தமனிகள் இதயத் தமனிகளைவிடச் சிறியவை. அங்கேயும் விரிவுக்குக் காரணம் அதே நைட்ரிக் ஆக்சைடு. அகப்படலம் சுணங்கினால் விறைப்புக் குறைபாடு முதலில் தெரிகிறது, நெஞ்சுவலி சில ஆண்டு கழித்து வருகிறது. நாற்பதுகளில் உள்ள ஒருவர் இதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, சுவரொட்டியில் தேதி போட்டு லாட்ஜில் முகாம் அடிக்கும் வைத்தியரிடம் லேகியம் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். அவர் கேட்டு வாங்கியிருக்க வேண்டியது ஒரு பிரஷர், சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனை.

இனி வலுவான மறுப்புக்கு வருவோம். ஓட்டவிரிவு, நாடியலை வேகம் எல்லாம் ஆய்வுக்குச் சரி, ஒரு தனி ஆளின் எதிர்காலத்தைச் சொல்லுமா? முழுமையாகச் சொல்லாது. கருவியைப் பிடிக்கும் கையைப் பொறுத்து அளவு மாறுகிறது; சாப்பிட்டதும் புகைத்ததும் அறைச் சூடும்கூட மாற்றிவிடும். கனடாவில் தீயணைப்பு வீரர்களிடையே தொடங்கி 1,574 ஆண்களைத் தொடர்ந்த ஆய்வில் ஓட்டவிரிவு எதிர்காலத்தைக் காட்டத் தவறியது. ஆனால் அதே ஆய்வில், பட்டையை விடுவித்ததும் இரத்தம் பாயும் வேகம் அதைக் காட்டியது. அந்த வேகம் எதைப் பொறுத்தது? கீழே உள்ள நுண்குழாய்கள் எவ்வளவு திறந்தன என்பதை. பெரிய வாய்க்காலின் அகலம் சொல்லாததைக் கடைமடையின் இழுப்பு சொல்லியிருக்கிறது. வைஸ் ஆய்விலும் இதேதான் நடந்தது: இதய நுண்குழாய்கள் அடினோசின் என்ற மருந்துக்கு எவ்வளவு திறக்கின்றன என்று 189 பெண்களிடம் அளந்து ஐந்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்தார்கள், திறப்புக் குறைந்தவர்களுக்குத்தான் பின்னாளில் கூடுதல் பாதிப்பு. ‘தெரிந்து என்ன ஆகப்போகிறது, ஸ்டென்ட் வைக்க இடமில்லையே’ என்போருக்கு ஸ்காட்லாந்தில் 2018-ல் முடிந்த ஒரு சோதனை பதில் வைத்திருக்கிறது. அடைப்பில்லாத நெஞ்சுவலிக்காரர்கள் 151 பேரில், ஏறத்தாழ முக்கால் பங்கு பெண்கள். நுண்குழாய்ச் சோதனை முடிவை மருத்துவரிடம் காட்டி அதற்கேற்ற மருந்து கொடுத்த பிரிவினருக்கு ஆறு மாதத்தில் வலி தெளிவாகக் குறைந்தது. மற்றவர்களுக்கும் அதே சோதனை நடந்தது. முடிவை மட்டும் மருத்துவரிடம் காட்டவில்லை. வித்தியாசம் வந்தது தெரிந்துகொண்டதால்தான்.

அடினோசின் சோதனை ஒவ்வொரு ஊரிலும் கிடைக்காது. அண்ணாமலைநகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாகியிருக்கும் இடத்துக்குக் கிராமத்திலிருந்து வரும் எல்லோருக்கும் அதைச் செய்வதென்பது நடக்கிற காரியமல்ல. ஆனால் பிள்ளை பெற்ற பெண்ணின் குழாய்கள் ஏற்கெனவே ஒரு கடும் சோதனைக்கு உள்ளாகிவிட்டன, அதன் முடிவும் எழுத்தில் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் உடலின் இரத்த அளவு ஏறத்தாழப் பாதி பங்கு கூடுகிறது. அதைத் தாங்கக் குழாய்கள் எல்லாம் தளர்ந்து கொடுக்க வேண்டும். தளர மறுத்த உடலில் பிரஷர் ஏறுகிறது, கால் வீங்குகிறது, சிறுநீரில் புரதம் இறங்குகிறது. ப்ரீ-எக்லாம்ப்சியா என்னும் இந்த நிலையில், நஞ்சுக்கொடியிலிருந்து அளவுக்கு மீறி வெளியேறும் ஒரு புரதம் தாயின் அகப்படலத்தைக் கெடுக்கிறது என்பதை, இந்தியாவில் மருத்துவம் படித்துப் பாஸ்டனில் ஆய்வு செய்த அனந்த் கருமஞ்சியின் குழு 2003-ல் காட்டியது. பிரசவம் முடிந்ததும் பிரஷர் இறங்கிவிடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆனால் அப்படி ஏறியவர்களுக்குப் பின்னாளில் இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு இருமடங்கு என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் எழுதினார்கள். கர்ப்ப காலச் சர்க்கரைக்கும் ஏறத்தாழ அதே இருமடங்கு. கருவுற்ற ஒவ்வொருவருக்கும், சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும், 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் எளிய முறையை ஊன்றியவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. அதனால் இந்த விவரம் தமிழ்நாட்டில் வெகு பேருக்கு மகப்பேறு அட்டையிலேயே பதிந்திருக்கிறது. அமெரிக்க இதயச் சங்கமும் 2011-ல் இவ்விரண்டையும் பெண்ணின் இதய ஆபத்துப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

கர்ப்ப கால பிரஷர்தான் குழாயைக் கெடுத்ததா, அல்லது கெடவிருந்த குழாயைக் காட்டிக்கொடுத்ததா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். இரண்டும் இருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. முன்னறிவிப்பு என்ற அளவில் அந்த வாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எது காரணமானாலும் அந்தப் பெண்ணின் பெயர் பட்டியலின் மேலே வர வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். பாதிரிப்புலியூர்த் தெருவில் நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு 134-க்கு 86 என்று வந்தால், எண்ணை மட்டும் பார்த்தால் ‘உப்பைக் குறைங்கம்மா’ என்பதோடு முடிந்துபோகும். அதனோடு மூன்று கேள்வி சேர வேண்டும்: பிள்ளைப்பேற்றில் பிரஷர் ஏறியதா, அப்போது சர்க்கரை இருந்ததா, மாதவிடாய் எந்த வயதில் நின்றது. முதல் இரண்டில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலோ, நாற்பதுக்கு முன்பே மாதவிடாய் நின்றிருந்தாலோ, அந்த 134-ஐ அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போடாமல் அந்த மாதமே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கொழுப்பும் அப்போதே பார்த்துவிட வேண்டும். அந்த அம்மா பிறகு ஒரு நாள் நெஞ்சு இறுக்குகிறது என்று சொல்லி ஆஞ்சியோவில் அடைப்பில்லை என்று வந்தாலும், கோப்பை மூடாமல் வைத்திருக்க அந்த மூன்று பதில்கள் போதும்.